நம் உறுப்பினர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

2019 டிசம்பர் 11 அன்று இரவு, குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதிமுக உறுப்பினர்களும் ஆதரித்தே வாக்களித்தனர். மக்கள் விருப்பத்துக்கு மாறாக வாக்களிக்க இவர்களுக்கு உரிமை தந்தது யார் என்ற கேள்வி நம்மிடையே எழுந்தது.

கேள்வி நியாயமானதே. ஆயினும் தொகுதி மக்களின் விருப்பம் எதுவோ அதன்படியே உறுப்பினர் நடக்க வேண்டும் என்பதை விதியாக்கினால் என்ன விளையும்? பெரும்பாலான தொகுதிகளில் அந்த விருப்பத்தை முடிவு செய்வோர் நாம் அல்லோம். தலையை எண்ணி வாக்களிக்கும் உறுப்பினர் நமக்குத் துணையாக நிற்பது அரிது.

பிரிட்டனின் பிரிஸ்டல் நகர வாக்காளரிடம் 1774இல் எட்மண்ட் பர்க் இதை வெளிப்படையாகவே பேசினார். உங்கள் கருத்துக்கு மதிப்பளிப்பேன், ஆனால் என் மனச்சாட்சியை உங்களுக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது அவர் பேச்சின் சாரம். பின்னர் அயர்லாந்தின் வணிகத் தடைகளைத் தளர்த்தவும், சிறுபான்மையினரான கத்தோலிக்கர் மீதிருந்த கடுமையான சட்டங்களைத் தளர்த்தவும் அவர் துணைநின்றார். ஊரார் பலர் வெறுத்தனர். 1780இல் தோல்வி உறுதி எனக் கண்டு அங்கு போட்டியிலிருந்து விலகினார். (அவருடைய மற்றக் கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவை அல்ல, அது வேறு பேச்சு.)

மனச்சாட்சி என்ற பெயரில் எவர் சொல்லையும் கேளாதிருப்பதும் தகாது. உஹத் போருக்கு முன் மதீனாவிலேயே தங்கி எதிர்கொள்வதே அண்ணல் நபி (ஸல்) அவர்களின் எண்ணமாக இருந்தது. தோழர்கள் பலர் வெளியே செல்ல விரும்பியதால் அதனை ஏற்றார்கள். இழப்பு நேர்ந்த பின்னரும், அவர்களுடன் கலந்தாலோசிக்குமாறே ஆலு இம்ரான் அத்தியாயம் பணிக்கிறது.

நம் நாட்டிலோ மக்கள் விருப்பம், சொந்த மனச்சாட்சி ஆகிய இரண்டுக்குமே இடம் குறைவு. 1985இல் அரசமைப்பின் 52ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. பணத்துக்கும் பதவிக்கும் கட்சி தாவுவோரைத் தடுக்க வந்த அச்சட்டத்தின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, கட்சி 15 நாட்களுக்குள் பொறுத்துக்கொண்டாலன்றி, பதவி பறிபோகும். இத்தடையை அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 1990இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இன்றும் ஏட்டளவிலேயே உள்ளது.

அதே அதிமுக, 2021 தேர்தல் அறிக்கையில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிடுமாறு மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. அன்று வாக்களித்த ஒவ்வொருவரும் மனமறிந்து வாக்களித்தாரா, கட்டளைக்குப் பணிந்தாரா என்பதை நாம் எவ்வாறு அறிவது?

ஆகவே வாக்குக் கேட்டு நம் மஹல்லாவுக்கு வருவோரிடம், "எங்கள் பக்கம் நிற்பீர்களா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுவது போதாது. கொறடா வேறுவிதமாகக் கட்டளையிட்டால், அதற்கு முன் கட்சிக் கூட்டத்திலேனும் எழுந்து பேசுவீர்களா? வாக்களித்த பின் இதே தெருவுக்கு வந்து காரணம் சொல்வீர்களா? கோஸ்வாமி குழுவின் பரிந்துரையை நிறைவேற்ற உங்கள் கட்சி ஆயத்தமா? எந்தக் கட்சியினராயினும், இம்மூன்றுக்கும் மறுமொழி பெற்ற பின்னரே நாம் அவர்களை அனுப்பி வைப்போம்.