வளரிளம் பிள்ளைக்கு வாய்விட்டுச் சிரிக்க ஒரு நூல்

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அழுகையும் அச்சமும் பெருமிதமும் அதன் பின்னரே இடம்பெறுகின்றன. நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் வளரும் பிள்ளைகளுக்கு நூல் தேரும்போதோ நகைக்குக் கிடைப்பது கடைசி இடமே. 13, 14 வயதுச் சிறுவனுக்கு எந்த நூலை வாங்கித் தருவது என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அவன் வாழ்நாள் முழுதும் படிப்பவனாக வளர்வதும், படிப்பைப் பாடநூலோடு முடித்துக்கொள்வதும் பெரும்பாலும் அவ்வினாவுக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

பள்ளி ஆண்டு விழாக்களில் பரிசாக வழங்கப்படும் நூல்களை நோக்குவோம். வெற்றிக்கு வழிகாட்டும் நூல்கள், பெரியோர் வரலாறுகள், பொது அறிவு வினா விடை ஆகியனவே மிகுதி. அவை நல்ல நூல்கள்தாம். ஆனால் மேடையில் பெற்ற பரிசு வீட்டு அலமாரியில் வண்ணத்தாள் கூடப் பிரிக்கப்படாமல் உறங்குவதை நாம் அறிவோம். 10 வயது வரை கதை கேட்டு மகிழ்ந்த பிள்ளைக்கு, 13 வயதில் படக்கதைப் புத்தகத்துடன் காணப்படுவதே நாணமாகி விடுகிறது. பெரியோருக்கான நாவலோ இன்னும் எட்டவில்லை. இடையில் ஓர் ஆறு ஓடுகிறது, பாலம் இல்லை. அதற்குள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்துவிடுகிறது. கல்லூரியின் முதலாண்டு வகுப்பில், 'பாடநூல் தவிர நீங்கள் கடைசியாகப் படித்து முடித்த தமிழ் நூல் எது?' என நாம் கேட்கும்போது நிலவும் அமைதி, அந்த ஆற்றங்கரையில் தொடங்கியதே ஆகும். பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். எனினும் நூலை முதலில் கீழே வைப்பவன் ஆண்பிள்ளை என்பதே நாம் வகுப்பறையில் காணும் உண்மை.

நூல் கிடைக்காமையா இதற்குக் காரணம்? கிண்டியையும் அதன் அண்டைப் பகுதிகளையுமே சான்றாகக் கொள்வோம். கிண்டியிலிருந்து சிறிது தொலைவில், கோட்டூர்புரத்தில், 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே அங்குத் தனிப்பிரிவு உண்டு. கிண்டித் தொழிற்பேட்டையை அடுத்த ஈக்காட்டுத்தாங்கலில் இருந்துதான் கல்கி நிறுவனத்தின் 'கோகுலம்' சிறுவர் இதழ் பல்லாண்டுகள் வெளிவந்தது. 1972இல் தோன்றி, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை ஆசிரியராகப் பெறும் பேறும் வாய்த்த அவ்விதழின் அச்சுப் பதிப்பு 2020இல் நின்றுபோயிற்று. ஆண்டுதோறும் புத்தகக் காட்சி கூடும் நந்தனமும் அருகிலேயே உள்ளது. 1977இல் அக்காட்சி முதன்முதலாக நடந்தது அண்ணா சாலையில் உள்ள மதரஸா-ஏ-ஆஜம் பள்ளி வளாகத்தில் என்பது நம் சமுதாயத்தார் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. ஆக, நூல்களுக்குப் பஞ்சமில்லை. சிறுவனின் உள்ளம் அறிந்து எடுத்துக் கொடுக்கும் கைகளுக்கே பஞ்சம்.

'சிரிப்பு நூல் காலத்தை வீணாக்கும். பிள்ளை பொறுப்பற்றவனாகி விடுவான்' எனப் பெரியோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பிள்ளையின் மீதுள்ள அக்கறையில் பிறந்தது. ஆதலின் மதிப்போடு விடை கூறல் வேண்டும். ஒருவர் ஏறிச் செல்ல ஒட்டகம் வேண்டி நின்றபோது, ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும், குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என விளக்கியதும் திர்மிதீ, அபூதாவூத் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளன. அந்த நகையில் பொய் இல்லை. எவர் மனமும் புண்படவும் இல்லை. நகைச்சுவை நூலைத் தேர்வதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேறு வேண்டுமோ?

இனி, எந்த நூல் என்னும் வினாவுக்கு வருவோம். நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. தேர்வுக்குரிய இலக்கணமாகப் பயிலும் இந்நான்கும் நூல் தேர்வுக்கும் நல்ல வழிகாட்டிகளே.

மடன் என்பது, பிறர் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல். இதற்கு வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'யினும் சிறந்த சான்று இல்லை. எவையெவை விழுந்தால் எடுக்க வேண்டும் என்று எழுதித் தந்த பட்டியலை வைத்திருக்கும் சீடர்கள், குருவே குழியில் விழுந்தபோது, பட்டியலில் அவர் பெயர் இல்லையே எனத் தூக்கிவிட மறுத்து நிற்கின்றனர். விதியை மட்டும் அறிந்து பொருளை அறியாத மனிதரை நாள்தோறும் காணும் நமக்கு இக்கதை 18ஆம் நூற்றாண்டினதாகவே தோன்றாது. தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த பேரறிஞர், அயல்நாட்டார் தமிழ் பயிலுதற்கு ஏற்ற நூலாக ஆக்கியது இந்தச் சிரிப்புக் கதையையே. 1822இல் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இது இலண்டனில் அச்சேறியது. சிரிப்பு மொழியறிவைக் கெடுக்கும் என்பார்க்கு இதுவே விடை.

பேதைமைக்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. 1942இல் ஆனந்த விகடனில் தோன்றிய இந்தச் சாம்பு, அறிவால் எதையும் கண்டுபிடிப்பவர் அல்லர். தவறாகச் செய்வதெல்லாம் தற்செயலாகச் சரியாகி விடுகின்றது. எல்லாத் தேர்விலும் முதலிடம் பெற வேண்டும் என நெருக்கப்படும் சிறுவனுக்கு, தடுமாறியே வெல்லும் ஒருவரைக் காண்பது எத்துணை ஆறுதல்! ஒவ்வொரு கதையும் தனித்தனியாக முடிவதால், நீண்ட நூலைக் கண்டு மலைப்பவனும் துணிந்து தொடங்கலாம்.

இளமை என்பது சிறுபிள்ளைத்தனம். அது முதியவரிடம் இருந்தால் நகை இருமடங்காகும். பாக்கியம் ராமசாமி என்னும் புனைபெயரில் ஜ.ரா. சுந்தரேசன் படைத்த அப்புசாமியும் சீதாப்பாட்டியும் 1963 முதல் குமுதத்தில் உலவியவர்கள். இக்கதைகளில் ஒலிக்கும் சென்னைப் பேச்சு, கிண்டியிலும் சைதாப்பேட்டையிலும் வளரும் பிள்ளைக்குத் தன் வீட்டுக் குரலாகவே கேட்கும். வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' இன்னொரு வகை. ஆளும் ஆடும் கோழியும் நிறைந்த எளிய முஸ்லிம் குடும்பம். எழுத்தாளரின் நூல்களையே மென்று தின்னும் ஆடு! மனநலச் சிகிச்சை பெற்ற காலத்தில், 1954இல், பஷீர் இதனை எழுதினார். 1959இல் நூலாக வெளிவந்தது. துன்பத்தின் நடுவிலும் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்ள முடியும் என்பதை அறிவுரை எதுவுமின்றி ஒரு சிறுவனுக்கு உணர்த்தும் நூல் இது. குளச்சல் மு. யூசுப் போன்றோரின் உழைப்பால் பஷீர் இன்று தமிழிலேயே கிடைக்கிறார்.

நான்காவதாகிய எள்ளலில்தான் கவனம் தேவை. கந்தலாடையில் விருந்துக்குச் சென்று மதிக்கப்படாத முல்லா நஸ்ருத்தீன், நல்ல அங்கி அணிந்து மீண்டும் சென்று, உணவை அங்கிக்கு ஊட்டுகிறார். இங்கு எள்ளப்படுவது செல்வச் செருக்கு. ஆனால் ஒருவரின் நிறத்தையும் உடற்குறையையும் சாதியையும் வறுமையையும் எள்ளி நகைக்கும் நூல்களும் உள்ளன. பழைய நூல்களிலும் அத்தகைய பக்கங்கள் உண்டு. வலியோரை எள்ளுவது நகைச்சுவை. மெலியோரை எள்ளுவது வன்முறை. இந்த வேறுபாட்டைப் பிள்ளையுடன் அமர்ந்து பேசுதல், நூலைப் பிடுங்கி ஒளிப்பதினும் நன்று.

படக்கதைகளையும் விலக்க வேண்டுவதில்லை. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் புறப்பட்டன. லக்கி லூக்கின் குறும்புகளில் தமிழ் படிக்கத் தொடங்கியவர் பின்னாளில் நல்ல இலக்கிய வாசகராவதில் தடையேதும் இல்லை.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பதைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகத் திகழ்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளிவந்த தம் நூலில், நூலகவியலின் விதிகளுள் ஒன்றாகவே வகுத்தார். அவ்விதியை வீட்டில் நடைமுறைப்படுத்தல் எளிது. நூலை வாங்கி வந்து திணிக்காமல், பிள்ளையை நூலகத்துக்கோ கடைக்கோ அழைத்துச் செல்க. நான்கு நூல்களை அவன் முன் வைத்து, ஒவ்வொன்றிலும் சில பக்கங்கள் புரட்டவிடுக. அவன் உதட்டில் புன்னகை எங்குத் தோன்றுகிறதோ அதுவே அவனுக்குரிய நூல். பிடிக்காவிடின் பாதியில் நிறுத்தும் உரிமையையும் அவனுக்கு அளிக்க. முடித்த பின்னர், 'இதிலிருந்து என்ன கற்றாய்?' எனத் தேர்வு வைக்காதீர்கள். 'எந்த இடத்தில் சிரித்தாய்?' எனக் கேளுங்கள். அவன் அந்த இடத்தைச் சொல்லத் தொடங்கும்போது, தனக்குத் தெரியாமலேயே தமிழில் கதை சொல்லப் பழகுகிறான்.

நிர்வாகப் பெருமக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பரிசளிப்பு விழாக்களுக்கு நூல் வாங்கும்போது, மூன்றில் ஒரு பங்கேனும் சிரிக்க வைக்கும் நூல்களாக இருக்கட்டும். மாணவச் செல்வங்களே, உங்கள் தம்பியருக்கு இப்பெருநாளில் புத்தாடையோடு ஒரு சிரிப்பு நூலும் வாங்கிக் கொடுங்கள். முதற்கதையை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சிரித்தபடி ஒரு நூலை முடித்த பிள்ளை அடுத்த நூலைத் தானே தேடுவான். அத்தேடல் அவனை ஒருநாள் சீறாப்புராணத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் கொண்டுவந்து சேர்க்கும். அவனை வரவேற்கத் தமிழ்த்துறை காத்திருக்கிறது.