நிற்கும்போது தெரியாத பழுது

புது லாரியில் கியர்பாக்ஸ் உடைந்தால், உரிமையாளருக்கு அது ஒருவகையில் நல்ல காலம். உடைந்தது கண்ணுக்குத் தெரியும், கழற்றி மேசைமேல் வைத்துக் காட்டலாம், கம்பெனியும் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடும். ஒயரிங்கில் வரும் பழுது இப்படி முகம் காட்டுவதில்லை. செல்ஃப் இன்று எடுக்கும், நாளை எடுக்காது. மேடு ஏறும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து இழுவை குறையும். ஓரம்கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். சர்வீஸ் சென்டர் வாசலில் நுழைந்ததும் எல்லாம் சரியாக இருக்கும். கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்து, ஜாப் கார்டில் ‘பழுது எதுவும் இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் நாள், சரக்கோடு நாக்பூர் சாலையில் அதே விளக்கு மறுபடி எரியும். வாரண்டி என்ற ஒப்பந்தம் பாகங்களை எண்ணுகிறது. லாரிக்காரரின் நஷ்டமோ நாட்களில் இருக்கிறது. இந்த இடைவெளியை நல்லெண்ணத்தால் அடைக்க முடியாது. ஒரே மின்பழுதுப் புகார் குறிப்பிட்ட தடவைக்குமேல் திரும்பி வந்தால், வண்டி சரியாக இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்குப் போக வேண்டும். வண்டி தனக்குள் எழுதி வைத்திருக்கும் பழுதுப் பதிவு உரிமையாளர் கைக்கு வர வேண்டும். இவ்விரண்டையும் சட்டமே எழுதிவைக்க வேண்டிய நேரம் இது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு பி.எஸ்.-4 புகை விதியிலிருந்து, இடையில் இருந்த ஐந்தைத் தாண்டி, நேராக பி.எஸ்.-6-க்குப் போனது. புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல், அதை அளந்து தெளிக்கும் பம்பு, புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடு சென்சார், கரித்துகள் வடிகட்டி, அதன் இருபுறமும் அழுத்தம் பார்க்கும் சென்சார் என்று லாரியின் அடியில் ஒரு சிறு ஆய்வுக்கூடமே குடியேறியது. காற்றுக்கு இது நல்லது, அதில் வாதமில்லை. ஆனால் சென்சார் தப்பாகப் பேசினால் இன்ஜின் தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. கவனிக்காமல் விட்டால் வண்டி ஊர்ந்துபோகும் வேகத்துக்கே இறங்கிவிடும். முன்பெல்லாம் ஒயர் பழுது என்றால் ஒரு விளக்கு எரியாது, ஹாரன் அடிக்காது. இன்று ஒரு ஒயர் விட்டுப்போனால் நாற்பது டன் சரக்கு நடுச்சாலையில் நிற்கும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். ஓட்டுநருக்கு என்றோ கிடைத்திருக்க வேண்டிய வசதி அது. ஒயரிங்கின் சுமையும் அதோடு சேர்ந்து கூடுகிறது.

‘இங்கே நன்றாகத்தானே இருக்கிறது’ என்ற பதில் ஏன் எதையும் நிரூபிப்பதில்லை என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். சேஸிஸில் எர்த் போல்ட் பெயின்ட் மேலேயே முடுக்கப்பட்டிருக்கிறது, அங்கே 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் இழப்பு 0.2 வோல்ட், யாருக்கும் தெரியாது. செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கும்போது அதே போல்ட் 6 வோல்ட்டை விழுங்கிவிடும். 24 வோல்ட் வண்டியில் மிஞ்சுவது 18. சாவியை அணைத்துவிட்டு மீட்டர் வைத்தால் பேட்டரி நிறைவாகக் காட்டும். கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் ஒயர்களின் கதையும் இதே. முறுக்கிய இரண்டு ஒயர்கள், இரு முனையிலும் 120 ஓம் தடை; நடுவில் அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். வண்டி நிற்கும்போது சரியாக 60 காட்டும். சாலையின் அதிர்வில் ஏதோ ஒரு கப்ளரின் பின் நொடிப்பொழுது விலகினால் பேச்சு அறுந்து, சம்பந்தமே இல்லாத ஐந்தாறு பாகங்களின் பெயரில் எரர் கோடு விழும். குற்றம் செய்தவன் ஒருவன், வழக்கு பதிவாவது ஆறு பேர்மேல்.

இன்னும் நுட்பமான ஒரு சங்கதி இருக்கிறது. வெள்ளீயம் பூசிய பின்கள் அதிர்வில் ஒன்றையொன்று உரசி, தொடும் இடத்தில் மெல்லிய ஆக்சைடு படியும். அது மின்சாரத்தைத் தடுக்கும். எரர் கோடைப் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றுகிறார்கள். மாற்றும்போது கப்ளரைப் பிடுங்கி மறுபடி சொருகுவதால் அந்தப் படிவு சுரண்டப்பட்டு, பழுது மறைகிறது. சென்சார்தான் கெட்டிருந்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். சில வாரங்களில் படிவு திரும்பும், பழுதும் திரும்பும். அதாவது, பாகத்தை மாற்றுவது என்ற வாரண்டியின் ஒரே வைத்தியம், இந்த நோயில் நோயை மறைக்கும் வைத்தியமாகவே ஆகிவிடுகிறது. சர்வீஸ் சென்டரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. இன்ன வேலைக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கிட்டே வாரண்டி வேலைக்குக் கம்பெனியிடமிருந்து கூலி வருகிறது. சென்சார் மாற்றினால் பில் போடலாம். ஒரு மெக்கானிக் பம்பரிலிருந்து டெயில் விளக்குவரை ஒயரைத் தடவிக்கொண்டே இரண்டு நாள் போனால், அந்த இரண்டு நாளுக்கு யாரிடம் பில் போடுவது? திறமையான எலக்ட்ரீஷியனின் பொறுமைக்கு வாரண்டியில் விலையே எழுதப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் எதிர்த்தரப்பாக இருந்த 1995-ம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கை விளக்கும்போது, தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவரையே உதாரணம் காட்டியது. துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோரே என்றது. எனவே ஒற்றை லாரிக்காரருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போனபின்தான் சிக்கல். பழுதைப் பரிசோதனையின்றி முடிவுசெய்ய இயலாது என்றால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்கிறது சட்டம். ஆய்வகத்தில் நிற்கும் லாரியிலும் அந்தப் பழுது தெரியப்போவதில்லை. அடுத்து, ‘வண்டி அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறதே, குறையுள்ள வண்டி இவ்வளவு ஓடுமா’ என்ற வாதம் வரும். காருக்கு அது நியாயமான கேள்வியாக இருக்கலாம். நெடுந்தூர லாரிக்கு அறுபதாயிரம் என்பது சில மாத ஓட்டம். தவணை கட்ட வேண்டியவர் பழுதோடுதான் ஓட்டுவார். அவர் ஓட்டியதே அவருக்கு எதிரான சாட்சியாகிறது. இதையெல்லாம் தாண்டி வென்றாலும், வாரண்டியில் ஒப்புக்கொண்டது பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோ மட்டும் என்றால் முழு வண்டியையும் மாற்றித்தரச் சொல்ல முடியாது என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 110ஏ பிரிவு குறையுள்ள வாகனங்களைத் திரும்பப்பெற வகை செய்கிறது. பலருக்கு ஒரே குறை, அதுவும் உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைவிப்பது என்றால்தான் அது அசையும். ஒருவர் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு லாரிக்கு அதில் இடமில்லை.

அமெரிக்காவில் 1982-ல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கி வைத்த ‘லெமன்’ சட்டங்கள் இந்த முடிச்சை வேறுவிதமாக அவிழ்த்தன. ஒரே பழுதை இத்தனை தடவை சரிசெய்யப் பார்த்தும் தீரவில்லை, அல்லது வண்டி இத்தனை நாள் பட்டறையில் நின்றது என்றால் போதும். சரிசெய்ய நியாயமான வாய்ப்பு கொடுத்தாகிவிட்டது என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். பழுது எந்த ஒயரில் என்று வாங்கியவர் காட்ட வேண்டியதில்லை. தடவையையும் நாளையும் எண்ணத் தெரிந்தால் போதும். எனக்கு இந்த யோசனையில் பிடித்தது அதன் எளிமை. அவர்களும் லாரிக்காரரைக் கைவிட்டார்கள் என்பது வேறு விஷயம்: கலிபோர்னியாவில் தொழிலுக்கு வாங்கும் வண்டியின் மொத்த எடை 10,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு, அதாவது நாலரை டன். நாம் எழுதும்போது எடையை வைத்துக் கோடு கிழிக்காமல், 1995 தீர்ப்பு சொன்ன சுயதொழில் என்ற அளவுகோலையே வைக்கலாம். மூன்று தடவை அதே புகார், அல்லது முதல் ஆண்டில் மொத்தம் முப்பது நாள் நிறுத்தம் என்றால் பொறுப்பு கைமாறட்டும். எண்கள் பேசித் தீர்க்கக்கூடியவை.

பொறுப்பு கைமாறினாலும் ஆதாரம் ஒரே தரப்பில் இருந்தால் பயனில்லை. இன்றைய லாரி, பழுது தோன்றிய கணத்தில் வேகம் என்ன, வெப்பம் என்ன என்றெல்லாம் தனக்குள் குறித்துக்கொள்கிறது. சாலையில் உடனிருந்த ஒரே சாட்சி அதுதான். சர்வீஸ் சென்டரில் முதல் வேலையாக எரர் கோடை அழித்துவிட்டு, ‘இப்போது இல்லை’ என்கிறார்கள். நாம் பி.எஸ்.-6-க்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட ஐரோப்பாவின் யூரோ-6, கனரக வாகனங்களுக்கு 2009-ல் போட்ட ஒழுங்குமுறையில் புகை அளவோடு இன்னொன்றையும் சேர்த்தே எழுதியது: பழுதுநீக்கத் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் தயாரிப்பாளர் தர வேண்டும். புகை விதியைக் கொண்டுவருவதில் நமக்கிருந்த அவசரம் இதில் இல்லை. பிரச்சினை தெரியாததாலும் இல்லை: உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளியாருக்குத் தராமல் அடைத்து வைத்ததற்காக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்குமேல் அபராதம் விதித்தது, விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுநீக்கும் உரிமை’ பற்றி யோசிக்கக் குழு அமைத்தபோதும் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனம் ஒன்று. கோடை அழிப்பதற்கு முன் அதன் அச்சுப்பிரதியை உரிமையாளருக்குத் தந்தாக வேண்டும் என்பது இவற்றையெல்லாம்விடச் சின்னக் கோரிக்கை. மென்பொருள் ரகசியம் வெளியே போய்விடும் என்பார்கள். நோயாளியின் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொடுப்பதால் ஆய்வகத்தின் ரகசியம் போய்விடுவதில்லை.

கம்பெனிகள் தரப்பில் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. நம் ஊரில் லாரியைப் பலர் சேஸிஸாகத்தான் வாங்குகிறார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டும்போது பக்கவாட்டு விளக்கு, கூடுதல் ஹாரன், கேபினுக்குள் மின்விசிறி, பாட்டுப்பெட்டி என்று எத்தனையோ ஒயர்கள் சேர்கின்றன. கம்பெனி ஒயர்க் கட்டான ஹார்னஸில் கத்தி வைத்து ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி விடுவது நடக்கவே செய்கிறது. அதனால் வரும் பழுதைக் கம்பெனி ஏன் சுமக்க வேண்டும்? நியாயம்தான், சுமக்க வேண்டியதில்லை. ஆனால் சேஸிஸாக விற்பவருக்கு அதன்மேல் பாடி ஏறும் என்பது விற்கும்போதே தெரியும். பாடி கட்டுபவர் எங்கே மின்சாரம் எடுக்கலாம் என்று தனிக் கப்ளரும் ஃபியூஸும் விட்டு, பாடி கட்டி முடித்தபின் ஒருமுறை பரிசோதித்துச் சான்று கொடுத்துவிட்டால், யார் கை எங்கே பட்டது என்ற சண்டை முதல் நாளே தீர்ந்துவிடும். அதைச் செய்யாமல், டெயில் விளக்கு ஒயரில் ஒட்டுப்போட்டதைக் காட்டி புகைச் சென்சார் பழுதுக்கு வாரண்டி இல்லை என்பது வேறு கதை. ஒட்டுக்கும் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று காட்டுபவருக்கே விலக்கு கிடைக்க வேண்டும். ஒட்டுப்போடும் உரிமையாளர்களும் இதில் பங்காளிகள்தான். இருநூறு ரூபாய் மிச்சம் பார்த்து முப்பது லட்ச ரூபாய் வண்டியின் வாரண்டியைப் பணயம் வைப்பதைப் புத்திசாலித்தனம் என்று சொல்ல முடியாது.

விலை ஏறும் என்பது அடுத்த வாதம். ஏறலாம். ஆனால் அந்தச் செலவு இப்போதும் யாரோ ஒருவரால் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது: நின்ற நாட்களின் தவணை, காலாண்டு வரி, இன்சூரன்ஸ், ஓட்டுநரின் படி எல்லாம் ஒற்றை வண்டிக்காரரின் கணக்கில் விழுகின்றன. ஆயிரம் வண்டிகளில் பரவ வேண்டிய சுமை துரதிர்ஷ்டம் பிடித்த பத்துப் பேர் தலையில் குவிகிறது. வாடகை படுத்துவிட்ட காலத்தில் வண்டியைத் திருப்பித் தள்ளப் பொய்ப் புகார் வரும் என்ற அச்சத்துக்கும் பதில் அந்த அச்சுப்பிரதியிலேயே இருக்கிறது. கோடே விழாத வண்டிக்குப் புகார் கொடுப்பவரை அது காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டம் வரும்வரை லாரிக்காரரின் கையில் இருப்பது ஜாப் கார்டு ஒன்றுதான். புகாரை வாயால் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாமல், எந்தச் சாலை, சுமை எவ்வளவு, எத்தனை மணி, என்ன விளக்கு என்று தன் சொற்களில் எழுதவைக்க வேண்டும். உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் அதில் இருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுதான் கெடு. ‘அடுத்த சர்வீஸில் பார்த்துவிடலாம்’ என்ற பேச்சிலேயே அதில் பாதி கரைந்துவிடும். வண்டியை வெளியே எடுக்கும்போது நீட்டுகிற ‘திருப்தி’ படிவத்தில், கையெழுத்துக்கு மேலே, ‘அதே புகார் இன்னும் இருக்கிறது, தொழில் நிற்பதால் எடுத்துச் செல்கிறேன்’ என்று ஒரு வரி எழுதும் அளவுக்கு எப்போதும் இடம் இருக்கும்.