ஆம்ப்ளிஃபயரை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்

சென்னை வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில் பழைய இரும்பு வாங்கும் வண்டி அடிக்கடி வரும். உடைந்த மிக்ஸி, துருப்பிடித்த சைக்கிளுக்கு நடுவே ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் கிடந்தால் எனக்கு மனசு பதறும். எண்பதுகளில் சீட்டுப் பணத்தில் ஆசையாக வாங்கிய பொருளாக இருக்கும். பெரும்பாலும் அது செத்திருக்காது, கவனிக்க ஆள் இல்லாமல் கிடந்திருக்கும்.

அந்தக் காலத்துப் பெட்டி கனப்பதற்குக் காரணம் டிரான்ஸ்ஃபார்மரும் அலுமினிய ஹீட் சிங்க்கும். இரண்டும் லேசில் கெடாது. கெடுவது எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர். அதன் உள்ளீரம் காய்ந்தால் ஸ்பீக்கரில் ஓயாமல் இரைச்சல் கேட்கும். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான். கான்டாக்ட் கிளீனர் போதும். ஸ்பீக்கரில் காகிதக் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நம் ஊர்ப் புழுக்கத்தில் பொடிந்துவிடும். அதை மாற்றினால் பழைய பேஸ் திரும்பும். உதிரிபாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும். பெட்டியைத் திறப்பதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

புதுப் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. என்ற கண நேர உச்ச வாட்ஸை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். தொடர்ந்து தரும் வாட்ஸைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். கணக்கைக் கேளுங்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் 50 வாட்ஸில் தரும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸிலேயே தந்துவிடும். அதனால் கையில் இருக்கும் காசு முதலில் ஸ்பீக்கருக்குப் போகட்டும். செல்போனிலிருந்து பாட்டை எடுக்க, டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சின்ன யு.எஸ்.பி. டாக் (DAC) ஒன்றை வாங்கி, ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸில் செருகினால் போதும்.

காசே செலவாகாத வேலையும் உண்டு. ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்தி, கீச்சொலி தரும் ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். சிவப்பு வயர் சிவப்பு முனையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்; ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக் காணாமல் போகும்.

இதெல்லாம் முடிந்ததும் இளையராஜாவின் 1986-ஆம் வருஷத்து ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைப் போடுங்கள். வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஓரிடத்திலும், அதைச் சூழ்ந்த தந்திக் கருவிகள் வேறிடத்திலுமாக நின்று ஒலிப்பது தெரியும். அந்த இசைக்காக உழைத்தவர்களுக்கு நாம் தரும் மரியாதை அப்படிக் கேட்பதுதான். பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கும் அந்த மரியாதையில் பங்கு உண்டு. பழைய செட்டுகளை அவரிடம் கொண்டு போனால்தான், இரைச்சலை வைத்தே கோளாறு சொல்லும் அந்தக் கைத்தொழில் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சும்.