மாசம் ஆயிரம் இலவசமாம்! அப்போ என் எம்.பி.பி.எஸ். என்னவாம்?

1/ "காலேஜ் பசங்களுக்கு மாசம் ஆயிரம் கொடுத்து சோம்பேறி ஆக்குறாங்க சார்." ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் சொன்னது. அவரும் டாக்டர். அரசு மருத்துவக் கல்லூரியில படிச்சவர். நானும் அப்படித்தான். பந்தியில சண்டை வேண்டாம்னு சாம்பாரைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன். பதிலை இங்கே சொல்றேன். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ முதல்ல எங்க ரெண்டு பேர் கணக்கு. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரியில எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணம் பல வருஷமா 20 ஆயிரத்துக்குள்ளதான். அதே படிப்புக்குத் தனியார் கல்லூரியில நிர்வாக ஒதுக்கீட்டுல சேர்ந்தா வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல. நடுவுல இருக்கற வித்தியாசத்தைக் கட்டினது யாரு? நீங்கதான்.

3/ அதுக்கு மேல, ஹவுஸ் சர்ஜனா இருக்கற ஒரு வருஷம் மாசாமாசம் பணம். இப்போ அது 20 ஆயிரத்துக்கு மேல. அதுக்குப் பேரு 'ஸ்டைபண்ட்'. பாலிடெக்னிக்ல படிக்கிற பொண்ணு வாங்கற ஆயிரத்துக்குப் பேரு மட்டும் 'இலவசம்'. எங்களுக்கு வந்தா உரிமை, அவங்களுக்குப் போனா ஓசி. இது என்ன நியாயம்?

4/ ஹவுஸ் சர்ஜன்கள் ராத்திரி பகலா உழைக்கிறாங்க, அவங்களுக்கு இன்னும் கூடக் கொடுக்கணும்னுதான் நானும் சொல்வேன். என் கேள்வி வேற. ஒரு லேப் டெக்னீஷியன் மாணவியும் பயிற்சிக் காலத்துல ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிறா, சாம்பிள் தூக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்குறா. அவளுக்கு என்ன கொடுக்கிறோம்?

5/ ஒரு சம்பவம் சொல்றேன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். 19 வயசுப் பொண்ணு. லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. பஸ்ஸுல மயங்கி விழுந்து கூட்டிட்டு வந்தாங்க. ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12 இருக்கணும். 8-க்குக் கீழே போனா கடுமையான ரத்தசோகை.

6/ "காலையில என்னம்மா சாப்பிட்டே?" "டீ சார்." "மதியம்?" "டீ, பன்." டீ சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க விடாது. அவளே லேப் படிக்கிற பொண்ணு, அவளுக்கு இது தெரியாதா? தெரியும். "பன்னுதான் சார் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்"னா.

7/ விசாரிச்சதுல விஷயம் வெளியே வந்தது. எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சிருக்கா. வரல. படிக்கிற தனியார் நிறுவனம், "பணம் கட்டினாத்தான் பிராக்டிகல்"னு சொல்லிடுச்சு. அம்மா சித்தாள் வேலை. அதனால இவ மதியச் சாப்பாட்டுல மிச்சம் பிடிச்சுக் கட்டணத்துக்குச் சேர்த்துக்கிட்டு இருந்திருக்கா.

8/ இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன். கீரை, பேரிச்சை, முட்டை, ஈரல் சாப்பிடுன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமா இருந்தது. நோய் ரத்தத்துல இருக்கு. காரணம் ஏதோ ஒரு ஆபீஸ் மேஜையில 'நிலுவை'ன்னு கிடக்கு.

9/ இது ஒரு பொண்ணோட கதை மட்டும்னு நினைக்காதீங்க. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றுல, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல, 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம்ம கல்லூரி வகுப்பறைகள்ல உட்கார்ந்திருக்கறது இவங்கதான்.

10/ சரி, அந்தத் திட்டம் எவ்வளவு தருது? எஸ்.சி. மாணவர் திட்டத்துல மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். கட்டாயக் கட்டணம் வரும். அதோட கைச்செலவுக்கு ஒரு தொகை. 2021-ல வந்த வழிகாட்டு நெறிமுறைப்படி ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர் வீட்டுல இருந்து போய் வந்தா 2,500 ரூபாய்.

11/ மாசத்துக்குன்னு நினைச்சீங்களா? வருஷத்துக்கு. ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்க்குக் கீழே. ஒரு டீக்குக் கூடப் பத்தாது. பந்தியில பக்கத்துல இருந்தவர் 'கொட்டிக் கொடுக்கிறாங்க'ன்னு சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

12/ அந்தத் தொகையும் எப்போ வருது? அங்கேதான் விஷயமே இருக்கு. மாநில அரசு தன் பங்கைப் போட்ட பிறகுதான் மத்திய அரசின் பங்கு மாணவர் வங்கிக் கணக்குக்கு நேரா வரும். வந்ததும் மாணவர் எடுத்துக் கல்லூரிக்குக் கட்டணும். பணம் நேரடியா மாணவர் கைக்குப் போறது நல்ல விஷயம். ஆனா கல்லூரி கேட்கற தேதி ஜூன், ஜூலை. பணம் வர்ற தேதி கடவுளுக்கு வெளிச்சம். இடைப்பட்ட மாசங்களுக்கு யார் ஜாமீன்?

13/ இடையில ஆயிரம் முள். ஆதார்ல ஒரு இனிஷியல், வங்கியில வேற இனிஷியல். எட்டாவது படிக்கும்போது திறந்து மறந்துபோன ஏதோ ஒரு கணக்கோட ஆதார் இணைஞ்சிருக்கும், பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். இ-சேவை மையம் ஒரு நடை, தாலுகா ஆபீஸ் ஒரு நடை, வங்கி ஒரு நடை. ஒவ்வொரு நடையும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி.

14/ டாக்டரா ஒரு உதாரணம் சொல்றேன். ஒருத்தருக்கு ரத்தம் கொட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தணும். "கண்டிப்பா ஏத்துறோம், அடுத்த மார்ச்ல"ன்னு சொன்னா அதுக்குப் பேரு சிகிச்சையா? படிப்பை விட்ட பிறகு வர்ற உதவித்தொகையும் அப்படித்தான். ஃபைல்ல 'வழங்கப்பட்டது'ன்னு இருக்கும். பொண்ணு பனியன் கம்பெனியில இருப்பா.

15/ இது இன்னைக்கு நேத்து நடக்கறது இல்ல. அண்ணல் அம்பேத்கர் 1913-ல கொலம்பியா பல்கலைக்கழகம் போனது பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில. மாசம் பதினொன்றரை பவுண்டு, மூணு வருஷத்துக்கு. அங்கிருந்து லண்டன் போனார். 1917-ல உதவித்தொகை முடிஞ்சுபோச்சு. படிப்பைப் பாதியில விட்டுட்டுக் கப்பல் ஏறினார்.

16/ சம்பாதிச்சு, சேர்த்து, கடன் வாங்கி, கோலாப்பூர் ஷாகு மகாராஜா உதவியும் சேர்ந்து 1920-ல மறுபடி லண்டன் போய்ப் படிப்பை முடிச்சார். அம்பேத்கரையே பணம் நின்னதும் படிப்பு நிறுத்திடுச்சு. நம்ம ஊர்ப் பொண்ணுகிட்ட "மன உறுதி இருந்தா படிக்கலாம்"னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

17/ நான் மேலே சொன்ன எஸ்.சி. மாணவர் திட்டம் தொடங்கினது 1944-ல. வெள்ளைக்காரன் ஆட்சி. அப்போ அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவுல உறுப்பினர். எண்பது வருஷம் தாண்டியாச்சு. இன்னும் பணத்தைத் தேதியில கொடுக்கக் கத்துக்கலைன்னா, கத்துக்க மனசு இல்லைன்னுதான் அர்த்தம்.

18/ "அரசாங்கத்துல எல்லாம் மெதுவாத்தான் நடக்கும் சார்"னு சொல்வீங்க. ஒத்துக்க மாட்டேன். 2020 நவம்பர் ஞாபகம் இருக்கா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த முதல் வருஷம். தனியார் கல்லூரியில சீட் கிடைச்ச சில பசங்க பணம் கட்ட முடியாம சீட்டை விட்டுட்டு அழுதுக்கிட்டே போனாங்க. ஊரே கொந்தளிச்சது.

19/ என்ன ஆச்சு? கலந்தாய்வு தொடங்கின சில நாள்லயே அரசு அறிவிச்சது: கட்டணத்தை அரசே கட்டும். உதவித்தொகை வர்ற வரைக்கும் காத்திருக்காம உடனே கட்ட ஒரு சுழல் நிதி. எத்தனை நாள் ஆச்சு பாருங்க. வருஷக்கணக்கு இல்ல, நாள்கணக்கு.

20/ அப்போ வழி தெரியாம இல்ல. டாக்டர் சீட்டுன்னா தலைப்புச் செய்தி, அதனால சுழல் நிதி. லேப் டெக்னீஷியன் சீட், நர்சிங் டிப்ளமோ, ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் சீட் போனா செய்தி இல்ல, அதனால 'மெதுவாத்தான் நடக்கும்'.

21/ நாளைக்கு உங்க அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்க்கும்போது பாருங்க. நான் அவர் பக்கத்துல இருக்கறது ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். மீதி நேரம் அவர் உயிர் நர்ஸ் கையில. நான் எழுதற மருந்து லேப்காரங்க சொல்ற நம்பரை நம்பி. தியேட்டர்ல கரண்ட் போனா ஜெனரேட்டரை ஓட வைக்கிறது ஐ.டி.ஐ. முடிச்ச தம்பி. இவங்க படிப்புதான் உங்களுக்கு 'ஓசி'யா தெரியுது.

22/ அடுத்த கேள்வி வரும்: "உதவித்தொகையில செல்போன் வாங்குறாங்களே?" வாங்கட்டுமே. அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே ஓ.டி.பி. வேணும், ஓ.டி.பி.க்கு போன் வேணும். என் முதல் ஸ்டைபண்ட்ல நான் பைக்குக்கு அட்வான்ஸ் கட்டினேன். யாரும் என்னைக் கேள்வி கேட்கல.

23/ "மோசடி நடக்குதே?" நடக்குது. இமாச்சலப் பிரதேசத்துல 2019-ல சி.பி.ஐ. கையில எடுத்த உதவித்தொகை மோசடி வழக்குல மாட்டினது யாரு? தனியார் கல்வி நிறுவனங்களும் அவங்களுக்குத் துணை போனவங்களும். மாணவர் பேர்ல திருடினது பெரிய மனுஷங்க. அதுக்குத் தண்டனையா இன்னும் நாலு சான்றிதழ் கேட்கறது மாணவர்கிட்ட.

24/ "என் வரிப்பணம்!" சித்தாள் வேலை பார்க்கற அந்த அம்மாவும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுறாங்க. அவங்க வரியிலதான் நானும் எம்.பி.பி.எஸ். முடிச்சேன். நியாயமாப் பார்த்தா நான்தான் அவங்களுக்குக் கடன்காரன்.

25/ மாசாமாசம் வர்ற சின்னத் தொகையைக் கேவலமாப் பேசாதீங்க. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல தொடங்கினது. அதுக்கு முன்னாடி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல தாலிக்குத் தங்கமும் கல்யாணத்துக்குப் பணமும் கொடுத்த திட்டம் அது. கல்யாணத்துக்குக் கொடுத்ததைப் படிப்புக்கு மாத்தினாங்க. 2024 ஆகஸ்ட்ல பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. அந்தப் பொண்ணுக்கும் மாசம் ஆயிரம் வந்துக்கிட்டு இருந்தது. தனியார் பஸ்ஸுக்கும் ரெக்கார்ட் நோட்டுக்கும் அதுதான். அது இல்லைன்னா அவ மயங்கி விழ பஸ்ஸுல ஏறியே இருக்க மாட்டா.

26/ ஆனா ஆயிரம் கொடுத்ததோட எல்லாம் முடிஞ்சதுன்னு விழா எடுக்கறவங்களையும் நான் கேட்கறேன். ஒரு கையில ஆயிரம் கொடுத்துட்டு, இன்னொரு கையில கட்டணத்தை மாசக்கணக்கா நிலுவையில வெச்சா அந்த ஆயிரத்தைத் தின்னுறது யாரு? நிலுவைதான்.

27/ என்ன செய்யணும்? நாலே விஷயம். ஒண்ணு: மருத்துவ மாணவருக்கு வெச்ச அதே சுழல் நிதி டிப்ளமோ, ஐ.டி.ஐ., நர்சிங் மாணவருக்கும் வேணும். சேரும்போதே கட்டணத்தை அரசு கட்டட்டும். மத்திய, மாநில அரசுகள் தங்களுக்குள்ள கணக்கைப் பிறகு தீர்த்துக்கட்டும்.

28/ ரெண்டு: உதவித்தொகை நிலுவையைக் காட்டி எந்த மாணவரையும் தேர்வுக்கோ பிராக்டிகலுக்கோ தடுக்கக் கூடாது. ஒரிஜினல் சான்றிதழைப் பிடிச்சு வைக்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-லயே கல்லூரிகளுக்குச் சொன்னதுதான். டிப்ளமோ நிறுவனங்கள்லயும் இதைக் கண்டிப்பா அமல்படுத்தணும்.

29/ மூணு: வருஷத்துக்கு 2,500-ங்கிற தொகையை உயர்த்தணும். அகவிலைப்படி மாதிரி விலைவாசியோட சேர்ந்து ஏறணும். நாலு: தாமதம் ஆனா மாணவருக்கு வட்டி. நான் கரண்ட் பில் லேட்டா கட்டினா அபராதம் போடறாங்க இல்ல? அதே நியாயம் அரசுக்கும் இருக்கட்டும்.

30/ நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க தெருவுல கல்லூரியில படிக்கிற பொண்ணோ பையனோ இருந்தா, "உதவித்தொகை வந்துச்சா?"ன்னு கேளுங்க. வரலைன்னா, ஆதார் எந்த வங்கிக் கணக்கோட இணைஞ்சிருக்குன்னு பார்க்கக் கூட ஒரு நாள் கூடப் போங்க. படிச்ச ஒருத்தர் பக்கத்துல நின்னாலே கவுண்டர்ல பேசற தொனி மாறும். இது அசிங்கமான உண்மை. ஆனா உண்மை.

31/ அந்தப் பொண்ணு? எங்க லேப்ல வேலை பார்க்கற ரெண்டு பேரு விஷயம் கேள்விப்பட்டு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டணத்தைக் கட்டிட்டாங்க. என்னைக் கேட்கக்கூட இல்ல. அவங்களும் இப்படித்தான் படிச்சு வந்தவங்களாம். மூணு மாசம் கழிச்சு வந்தா, ஹீமோகுளோபின் 10.4. பிராக்டிகல் பாஸ்.

32/ இதைப் படிச்சிட்டு "நெகிழ்ச்சி சார்"னு எழுதாதீங்க. எனக்குக் கோபம்தான் வருது. சம்பளத்துல இருந்து எடுத்து அரசாங்கக் கடனை அடைச்சிருக்காங்க அந்த ரெண்டு பேரும். அவ வகுப்புல இன்னும் எத்தனை பேருக்கு நிலுவைன்னு கேட்டேன். "பாதிப் பேருக்கு மேல சார்"னா. அவங்க எல்லாம் மதியம் என்ன சாப்பிட்டாங்கன்னு நான் கேட்கல. கேட்கத் தைரியம் வரல.

33/ அடுத்த கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் 'இலவசம்'னு ஆரம்பிச்சா, நான் சாம்பாரைப் பார்க்கப் போறதில்ல. "சார், உங்க எம்.பி.பி.எஸ்.ஸுக்கு யார் பணம் கட்டினது?"ன்னு கேட்கப் போறேன். நீங்களும் கேளுங்க.