பாட்டு அதேதான், யென்தான் ஏறுச்சு!

கேளம்பாக்கம் ஹாஸ்டல் மாடியில உக்காந்து ஜே-ராக் கேக்குற பார்ட்டியா நீங்க? இந்த வாரம் உங்களுக்குத்தான் பாஸ்!

ஜப்பான்ல ஒரு ஆல்பம் சி.டி. சுமார் 3,000 யென். புது சி.டி.க்கு கம்பெனி வெச்சதுதான் விலை. ரங்கநாதன் தெரு பேரமெல்லாம் அங்கே செல்லாது. 2007 நடுவுல அது நம்ம காசுக்கு ஆயிரம் ரூபாய். 2009 தொடக்கத்துல 1,600! தபால் செலவு தனி.

ஏன் இப்படி? 2007-ல ஜப்பான்ல வட்டி வெறும் அரை சதவீதம். பெரிய பெரிய முதலீட்டாளர்கள் யென்னைக் கடன் வாங்கி, வட்டி அதிகமா கிடைக்குற நாடுகள்ல போட்டாங்க. 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ் கவுந்ததும் பயம். கடனை அடைக்க எல்லாரும் ஒரே நேரத்துல யென் வாங்க, அது எகிறிடுச்சு. இங்கே வெளிநாட்டுக்காரங்க ஷேரை வித்து டாலரா எடுத்துட்டுப் போக, ரூபாய் சரிஞ்சது. ரெண்டு பக்கமும் இடி!

ஓ.எம்.ஆர். பக்கம் வேற கதை. கேம்பஸ்ல செலக்ட் ஆன சீனியர்கள் பலர் 2009-ல ஜாயினிங் தேதிக்காக மாசக்கணக்கா வீட்ல காத்துக் கிடந்தாங்க. முதல் சம்பளத்துல சி.டி. வாங்கணும்னு போட்ட லிஸ்ட் நோட்டுலயே தூங்குச்சு. அந்த நேரத்துல அப்பாகிட்ட போய் "ஜப்பான் பாட்டு"னு வாயைத் திறக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க?

2012-ல அதே சி.டி. 2,000 ரூபாயைத் தாண்டுச்சு. 2024 ஜூலையில ஒரு டாலருக்கு 160 யென்னைத் தாண்டி யென் விழுந்தப்போகூட, 3,000 யென் கிட்டத்தட்ட 1,550 ரூபாய். 2007 விலை திரும்பல. ரூபாயும் கூடவே இறங்கியிருந்துச்சே!