திறந்த தரவும் மக்கள் மொழியும்

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த அவை குடவோலை முறையை விளக்குவன என்பதை நம் மாணவர் நன்கறிவர். அவற்றுள் ஒரு விதி நம் சிந்தனைக்குரியது. முன்னர் வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்பிற்கு வரலாகாது என்பதே அது. அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய ஒரு சாரார்க்கே உரியதாய் இருந்தமையின், இன்றைய குடியாட்சியோடு அதனை ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும், பொதுப்பொறுப்பு ஏற்றவர் கணக்குக் காட்டுதல் வேண்டும் என்பதும், அவ்விதி கண்ணுக்குத் தெரியுமாறு சுவரில் பொறிக்கப்படல் வேண்டும் என்பதும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண் அறிந்த நெறிகளாம்.

இன்று அச்சுவரின் இடத்தை இணையத்தளம் பெற்றுள்ளது. மழையளவு, விளைச்சல், பள்ளிகளின் எண்ணிக்கை, மருத்துவமனை வசதி, வரவு செலவு என அரசு திரட்டும் விவரங்களைக் கட்டணமின்றி, கணிப்பொறி எடுத்தாளத்தக்க வடிவில், எவரும் பயன்படுத்தும் உரிமையோடு வெளியிடுதலையே 'திறந்த தரவு' என்கிறோம். இம்முயற்சி நம் நாட்டில் எவ்வளவு தூரம் வந்துள்ளது, எவ்விடத்தில் தயங்கி நிற்கிறது என்பதை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

வளர்ந்த வரலாறு

இவ்வுரிமை மேலிருந்து வழங்கப்பெற்ற கொடை அன்று. 1990ஆம் ஆண்டு இராசத்தானத்தில் தோன்றிய உழைக்கும் உழவர் அமைப்பொன்று, 1994 திசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மக்கள் மன்றம் கூட்டியது. பஞ்சாயத்துப் பணிகளின் வருகைப் பட்டியல்கள் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பெற்றன. வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தமை அவையோர் செவியிலேயே வெளிப்பட்டது. 1996இல் பியாவர் நகரில் அம்மக்கள் நாற்பது நாள்கள் அமர்ந்து போராடினர். தமிழ்நாடு 1997இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றி, இத்துறையில் முன்னோடி மாநிலங்களுள் ஒன்றாயிற்று. 2005இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. கேட்பதற்கு முன்னரே அரசு தானாக வெளியிட வேண்டிய விவரங்களை அதன் 4ஆம் பிரிவு வரையறுத்தது.

கேட்டுப் பெறுதல் என்னும் நிலையிலிருந்து, கேளாமலே கிடைத்தல் என்னும் நிலைக்கு உலகம் நகர்ந்தது. அமெரிக்க அரசு 2009இல் தனக்கெனத் தரவுத்தளம் திறந்தது. இந்தியாவில் 2012இல் தரவுப் பகிர்வுக் கொள்கை அறிவிக்கப்பெற்று, அவ்வாண்டே தேசியத் தரவுத்தளமும் தொடங்கப்பெற்றது. அத்தரவுகளைப் பயன்படுத்துவதற்கான பொது உரிமம் 2017இல் வந்தது. நிலப்படங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகள் 2021இல் பெரிதும் தளர்த்தப்பட்டன. இராசத்தான அரசு 2019இல் தொடங்கிய மக்கள் தகவல் தளத்தில், ஓர் ஊரின் நியாயவிலைக் கடை விவரத்தை அவ்வூரார் மனு எழுதாமலே காணலாம். இவை யாவும் மெய்யான முன்னேற்றங்களே. இவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றன்று.

மொழி என்னும் தடை

ஆயினும், திறந்த கதவின் வழியே உள்ளே செல்ல இயலுவோர் எத்தகையோர் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. தேசியத் தரவுத்தளத்தின் அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. வெளியீடுகள் வட்டார மொழியைக் கருத்திற்கொண்டு அமைதல் வேண்டும் எனத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4(4)ஆம் உட்பிரிவு தெளிவாகவே கூறுகிறது. சட்டத்தில் உள்ள இக்கட்டளை நடைமுறையில் மறக்கப்பட்டுள்ளது.

தமிழில் வெளிவரும் ஆவணங்களுக்கும் வேறொரு குறை உண்டு. தாளை ஒளிப்படமாக எடுத்து ஏற்றிவிடும் வழக்கம் நம் அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. அப்படத்தில் உள்ள எழுத்தைக் கண் காணும். கணிப்பொறி நேரே தேடியெடுக்க இயலாது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் பல்வேறு எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பெற்றவை, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

ஊர்ப்பெயர்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ஓர் அட்டவணையில் 'தூத்துக்குடி' என்றும், மற்றொன்றில் 'டூட்டிகொரின்' என்றும் ஒரே ஊர் எழுதப்பட்டால், கணிப்பொறி அவற்றை ஈரூர்களாகவே எண்ணும். 2020இல் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. இவ்வொழுங்கு தமிழறிஞரும் கணிப்பொறி வல்லாரும் கூடிச் செய்ய வேண்டிய பணி என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

காலமும் மறைப்பும்

காலத்தே வாராத தரவு பயனற்றது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிற்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கை 2011ஆம் ஆண்டுக் கணக்கை அடியொற்றியது. அதன் பின் பெருகிய ஏழையர் அக்கணக்கில் இடம்பெறாதார் ஆயினர். 2017-18ஆம் ஆண்டு நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளைத் தரக்குறைவு கூறி, வெளியிடுவதில்லை என நடுவண் அரசு 2019இல் முடிவு செய்தது. தரக்குறைவு இருப்பின், அதனையும் சுட்டி வெளியிடுதலே அறிஞர் ஏற்கும் முறையாகும்.

எண்கள் நம் சமுதாயத்திற்கு என்ன செய்யும் என்பதற்குச் சச்சார் குழு சான்று. 2005இல் அமைக்கப்பெற்ற அக்குழு, 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கையும் மாதிரி ஆய்வுகளையும் கொண்டே முஸ்லிம்களின் கல்வி, வேலை, கடன் வசதி ஆகியவற்றின் நிலையை நாட்டின் முன் வைத்தது. உணர்ச்சியால் பேசப்பட்டு வந்தவை அதன்பின் எண்களால் பேசப்பட்டன. அக்குழு 2006இல் தந்த அறிக்கையில் தேசியத் தரவு வங்கி ஒன்றினையும் பரிந்துரைத்தமை நினைவுகூரத்தக்கது.

மறுபுறம், தனிமனிதரின் அந்தரங்கம் காக்கப்படல் வேண்டும். யார் எவ்வீட்டில் வாழ்கின்றனர் என்னும் பட்டியல் தீயோர் கையில் ஆயுதமாகும். எனினும் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, பொதுநலன் கருதித் தனிநபர் விவரம் தருவதற்கு அங்கிருந்த இடத்தை நீக்கிவிட்டது. இத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 8(2)ஆம் பிரிவில் பொதுநலன் இன்னும் எஞ்சியுள்ளது என்பது ஓரளவே ஆறுதல் தரும். கோட் கிரானாவில் படிக்கப்பெற்ற பட்டியலில் இருந்தவை பெயர்களே அன்றோ? பெயரை நீக்கிய பின் களவை எங்ஙனம் கண்டறிவது? ஏழையின் நோய்க்குறிப்பும் ஒப்பந்தக்காரரின் பற்றுச்சீட்டும் ஒரே திரையால் மூடப்படுதல் முறையாகாது.

நாம் ஆற்றத்தக்கது

இத்தகைய வினாக்கள் கணிப்பொறித் துறைக்கே உரியன எனத் தமிழ்த்துறை ஒதுங்கியிருத்தல் கூடாது. கல்வெட்டைப் படியெடுத்துப் படிக்கப் பயிற்றும் நாம், நம் ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கவும் மாணவர்க்குப் பயிற்றுதல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்ப் பள்ளி, குளம், நியாயவிலைக் கடை ஆகியவற்றுள் ஒன்றன் அரசுத் தரவைத் தேடியெடுத்து, எளிய தமிழில் இரு பக்கம் எழுதட்டும். சனவரி 26, மே 1, ஆகசுட்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராம சபையில் அதனைப் படித்துக் காட்டட்டும். தாளில் உள்ளதும் ஊரில் உள்ளதும் ஒத்துள்ளனவா என்பதை ஊர்ப் பெரியோர் கூறிவிடுவர். கலைச்சொல்லாக்கத்திலும் ஊர்ப்பெயர் ஒழுங்கிலும் ஆசிரியர் துணைநிற்றல் வேண்டும்.

தரவைத் திறத்தல் அரசின் கடன்; அதனைப் படித்துக் கேள்வி கேட்டல் நம் கடன். படிப்பாரற்ற கணக்கு எத்துணை விரிவாக எழுதப்பட்டிருப்பினும், அது காட்டப்படாத கணக்கே ஆகும். ஆகலின் வரும் கல்வியாண்டிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.