மூன்று விநாடிப் புரட்டு

காரைக்கால் வட்டாரத்தில் ஒரு கதை உலாவி வருகிறது. அதாவது, திருநள்ளாற்றுக் கோயிலுக்கு நேர்மேலே வரும் செயற்கைக்கோள்களெல்லாம், சனி வீசும் கருநீலக் கதிரின் மகிமையால் மூன்று விநாடி ஸ்தம்பித்து நின்றுவிடுகின்றனவாம்! அமெரிக்க விஞ்ஞானிகளே வந்து கும்பிட்டுப் போனார்களாம்! எந்த விஞ்ஞானி, எந்த வருஷம் என்று கேட்டால் மாத்திரம் பதில் கிடையாது.

தோழர்களே! இதன் யோக்கியதையைச் சற்று ஆராய்வோம்.

மனிதர் குடியிருக்கும் விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. காரைக்காலுக்கு மேலாகவும் அவ்வப்போது போகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் காக்கிறது. நின்றால் விழவேண்டியதுதான், நின்று, பிறகு புறப்பட அது என்ன தேரா?

அந்த நிலையம் மந்திரத்தால் முளைத்ததல்ல. 2006 டிசம்பர் 9-ந் தேதி டிஸ்கவரி என்னும் விண்கலம் ஏழு பேரையும், ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள ஓர் உத்தரத் துண்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிற்று. நிலையத்தின் இயந்திரக் கையால் அத்துண்டை அங்குலம் அங்குலமாக நகர்த்தி உரிய இடத்தில் சேர்த்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர், அடிமைகளென்று விற்கப்பட்ட கறுப்பர் வழிவந்த ஜோன் ஹிக்கின்பாதம்; மற்றவர், குஜராத்திலிருந்து குடியேறியவரின் மகள் சுனிதா வில்லியம்ஸ். வெளியே மிதந்து நின்று அதை முடுக்கியவர்கள் ராபர்ட் கர்பீம், கிறிஸ்டர் ஃபியூகல்சாங் என்ற இருவர்.

விண்கலமும் நிலையமும் ஒரே வேகத்தில் ஓடினால்தான் ஒன்றையொன்று அணுகிச் சேரமுடியும். ஒன்று மூன்று விநாடி நின்றால் மற்றது 23 கிலோமீட்டர் போய்விடும்! திருநள்ளாற்றிலிருந்து கிழக்கே அவ்வளவு தூரம் என்றால் நடுக்கடல். அப்படி நிற்குமானால், எந்த விஞ்ஞானி மனிதரை ஏற்றி அனுப்பத் துணிவான்?

இன்னொரு வேடிக்கை. சனி கும்ப ராசிக்குப் பெயர்ந்த நாள், திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. செயற்கைக்கோள் நிற்பதை விநாடிக் கணக்கில் சொல்லுகிறவர்களுக்கு, சனி பெயரும் நாளில் பதினொரு மாதத் தகராறு!

முன்பு புராணத்தைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். இன்று பிள்ளைகள் படித்துவிட்டபடியால் விஞ்ஞானத்தின் பெயரைத் திருடிக்கொண்டு வருகிறார்கள். கடன் வாங்கி வந்து குளத்தில் முழுகும் கூலிக்காரனின் மடியைத்தான் இப்புரட்டு அவிழ்க்கிறது.

வானம் தெளிந்த அந்தியில் காரைக்கால் கடற்கரைக்குப் போங்கள். நிலையம் வரும் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. பிள்ளைகளையும் அழைத்துப் போய், பிரகாசமான நட்சத்திரம்போல் ஓடும் அதை அண்ணாந்து பாருங்கள். அது நிற்கிறதா என்று உங்கள் கண்ணையே கேளுங்கள்!